அம்மனுக்குக் கோபமா, உக்கிரமா? – வாசகர் கேள்வி பதில்

இங்கே மொரிஷியசில் தைப்பூசக் காவடிக் களைப்பு தீர்வதற்குள் இந்த மாதக் கடிதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. என்ன மாயமோ, பாதிக்கு மேல் உக்கிரம், சீற்றம், வெறி, மூர்க்கம் என்று ஒரே சூடு. வெயில்தான் காரணமாக இருக்கும். சரி, இந்த முறை அந்தச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். சந்திப் பிழை கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயிலில் 'உக்கிர காளி' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் எட்டு வயது மகள், "அம்மா, சாமிக்கு ஏன் கோபம்?" என்றாள். கோபம் இல்லைடி, உக்கிரம் என்றேன். "அப்படியென்றால்?" என்று கேட்டாள். அவள் அப்பா இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'மோவே' என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், ஐயா? – ஒரு தாய், காத்ர் போர்ன்

பதில்: சரியாகப் படவில்லை என்று தோன்றியதே, அதுதான் சரி. 'மோவே' பிரெஞ்சில் 'கெட்டது' என்ற சொல்லிலிருந்து வந்தது. கடிக்கிற நாய்க்குச் சொல்லலாம், சாமிக்குச் சொன்னால் நாக்கு கூசும். அந்தக் கெட்ட வாடை உக்கிரத்தில் இல்லை. வெயில் உக்கிரமாக இருக்கிறது, சண்டை உக்கிரமாக நடக்கிறது என்கிறோம். வெயிலுக்கு யார் மேலும் கோபம் கிடையாது, தன் வலுவை ஒளிக்காமல் முழுசாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். கோபத்துக்கு ஒரு காரணம் வேண்டும், அது விழுவதற்கு ஓர் ஆள் வேண்டும். உக்கிரத்துக்கு இரண்டும் தேவையில்லை.

சொல் வடமொழியிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் வீட்டில் குடியேறி எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. அகநானூற்றைத் தொகுக்கச் செய்த பாண்டியனின் பெயரே உக்கிரப்பெருவழுதி. காதல் பாட்டு நானூற்றைத் தேடிச் சேர்க்கச் சொன்ன மனிதனின் பெயரில் உக்கிரம்! அவனைக் கோபக்காரன் என்று மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

மகளுக்கு விளக்கம் வேண்டாம், கதை போதும். திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி ஒரு காலத்தில் மிக உக்கிரமாக இருந்தாளாம். ஆதிசங்கரர் வந்து அவள் காதுக்குத் தாடங்கம் அணிவித்து, எதிரிலே பிள்ளையாரையும் வைத்தார் என்று அந்தக் கோயிலின் தல வரலாறு சொல்கிறது. யாரும் அவளை விரட்டவில்லை, 'எதற்குக் கோபம்' என்று விசாரிக்கவும் இல்லை. காதுக்கு ஒரு நகை, கண்ணெதிரே பிள்ளை. வேலைக்குப் போய்விட்டு அலுத்து வீடு திரும்புகிற எந்த அம்மாவுக்கும் இந்த வைத்தியம் பலிக்கும் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லலாம். உக்கிரமான எதையும் நாம் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நெருப்புக் குழியைப் பூக்குழி என்கிறோம், தீ மிதிப்பதைப் பூ மிதிப்பது என்கிறோம். உடம்பெல்லாம் கொப்புளம் போட்ட நோய்க்கு 'அம்மை' என்று தாயின் பெயர் வைத்தோம், கொப்புளத்துக்கு 'முத்து' என்று பெயர். அது இறங்கினால் 'தாய் குளிர்ந்துவிட்டாள்'. பயந்து வைத்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, உறவு கொண்டாடி வைத்த பெயராகத்தான் தெரிகிறது. ஊர்ப் பெரியவர்கள் 'துடியான தெய்வம்' என்பதும் இதே ரகம்தான். கூப்பிட்ட உடனே வரும், தப்பு செய்தால் உடனே கேட்கும். அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் பயம் பாதி, பெருமை பாதி இருக்கும்.

கேள்வி: வகுப்பில் வெகுளி என்றால் கோபம் என்று படித்தோம். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் "பாவம், அவள் வெகுளி, ஒன்றும் தெரியாது" என்று அழுகிறார்கள். எதை நம்புவது? – தமிழ் படிக்கும் மாணவி, மோக்கா

பதில்: பரீட்சைக்குக் கோபத்தை நம்புங்கள், தொடர் பார்க்கும்போது அப்பாவியை நம்புங்கள். இரண்டும் சரிதான்.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வெகுளி எதனால் வரும் என்பதற்கும் நான்கு காரணம் சொல்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உடம்பை வெட்டுவது, குடும்பத்துக்குத் தீங்கு செய்வது, அடித்து அலைக்கழிப்பது, கொல்வது. நன்றாகப் பாருங்கள், பேருந்தில் யாரோ காலை மிதித்துவிட்டதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. வெகுளி அவ்வளவு கனமான சொல். வள்ளுவர் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அப்படிப்பட்ட சொல் இறங்கி இறங்கி இன்று சூதுவாது தெரியாதவனுக்குப் பெயராகிவிட்டது. எப்படி ஆனது? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் மட்டும்தான்: கோபத்தை உள்ளே பூட்டி வைத்துச் சிரித்துப் பேசுகிறவன் கெட்டிக்காரன், பட்டென்று முகத்தில் காட்டிவிடுகிறவன் கள்ளமில்லாதவன். அந்த வழியில்தான் கோபக்காரன் அப்பாவியாகியிருப்பான்.

இதற்கு நேர் எதிராக நடந்தும் ஒரு சொல் வந்திருக்கிறது. மூர்க்கன். வடமொழியில் அதற்கு முட்டாள் என்று பொருள். தமிழுக்கு வந்ததும் முரட்டுப் பிடிவாதக்காரன், அடங்காதவன் என்று ஆகிவிட்டது. 'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்கிற பழமொழியில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது, பிடிதானே இருக்கிறது! ஆக, கோபக்காரன் அப்பாவியாக இறங்கி வந்த அதே படிக்கட்டில் முட்டாள் முரடனாக ஏறிப் போயிருக்கிறான். நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களோ என்னவோ.

மூர்க்கன் என்பதை வெறும் வசவு என்றும் நினைத்துவிடாதீர்கள். அறுபத்து மூவரில் மூர்க்க நாயனார் என்று ஒருவர் இருக்கிறார். திருவேற்காட்டுக்காரர். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் தீர்ந்துபோய், அதற்கப்புறம் சூதாடிப் பணம் சேர்த்துச் சோறு போட்டவர். ஆட்டத்தில் தோற்றுவிட்டு ஏமாற்றப் பார்த்தவர்களைக் குத்தவும் செய்வார், அதனால் வந்த பெயர் அது. ஜெயித்த காசைத் தன் கையாலும் தொடமாட்டார், சமையற்காரர்களிடம் போய்விடும். இங்கே திருவிழா முடிந்து வாழை இலையில் ஏழு கறி பரிமாறும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

உங்கள் கேள்வியைத் தாண்டியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பாடத்தில் இது கண்ணில் படாமல் போகும். அதே மெய்ப்பாட்டுப் பட்டியலில் 'தறுகண்' எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். அஞ்சாமல் எதிர்த்து நிற்கும் கடுமைதான் தறுகண், யானைக்கும் சொல்வார்கள், மறவனுக்கும் சொல்வார்கள். அது வெகுளியின் கீழ் இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. பெருமிதத்தின் கீழ், கல்வி, புகழ், கொடை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கோபத்துக்கும் இதற்கும் உறவில்லை என்று தொல்காப்பியர் அன்றைக்கே பிரித்து வைத்துவிட்டார். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: 'பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு.' தறுகண்மை பெரிய ஆண்மைதான், ஆனால் எதிர்த்து நின்ற பகைவனுக்கே ஒரு துன்பம் வந்தால் உதவி செய்வதுதான் அந்த ஆயுதத்தின் கூர்முனை என்கிறார். அந்தக் குறளில் கூர்மை இருப்பது இரக்கத்தில். முதல் தடவை இதைப் பாடம் நடத்தியபோது எனக்கே புரியவில்லை, பிள்ளைகளுக்கு என்ன புரிந்திருக்கும்.

கேள்வி: ஔவையார் 'ஆறுவது சினம்' என்றார், பாரதியார் 'ரௌத்திரம் பழகு' என்றார். பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? – ரோஸ் ஹில்

பதில்: இந்தக் கேள்வி வருஷத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடுகிறது. ஔவை சினம் வரவே கூடாது என்று சொல்லவில்லை, ஆற வேண்டியது அது என்றார். வந்தால்தானே ஆறும்? பாரதியும் 'ரௌத்திரம் கொள்' என்று எழுதவில்லை, 'பழகு' என்றார். மத்தளம் பழகுகிற மாதிரி, எங்கே எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கை அறியும்வரை. இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். முதலில் ஔவை.

கேள்வி: வீட்டு வாசலில் 'ஷியான் மேஷான்' என்று பிரெஞ்சில் பலகை இருக்கிறது. தமிழிலும் எழுத ஆசை. கொடிய நாய், மூர்க்க நாய், உக்கிர நாய், எது சரி? – போ பாசேன்

பதில்: உக்கிர நாய் என்று எழுதினால் தேங்காய், கற்பூரத்தோடு ஆள் வந்துவிடும். கொடிய நாய் இலக்கணப்படி சரி, ஆனால் அந்தச் சொல் நாய்க்குக் கொஞ்சம் அநியாயம். கொடு என்றால் வளைவு. நேராக நிற்பது செங்கோல், வளைந்து போனது கொடுங்கோல். நேர்மையிலிருந்து வளைந்தது கொடுமை. உங்கள் நாய் எங்கே வளைந்தது? அது நேராக வந்து நேராகக் கடிக்கிறது. மூர்க்க நாய் என்றால், பிடித்தால் விடாது என்று வருகிறவர் புரிந்துகொண்டு ஓடுவார், ஆனால் நாடகப் பலகை மாதிரி இருக்கும். வெறிநாய் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், அது நோய் பிடித்த நாய்க்குச் சொல்வது, அண்டை வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்துவிடுவார்கள். 'நாய் கடிக்கும்' என்று எழுதுங்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

கேள்வி: பேரன் எதைப் பார்த்தாலும் "வெறித்தனம்!" என்கிறான். நான் செய்த மிளகாய் வடையைத் தின்றுவிட்டும் "பாட்டி, வெறித்தனம்" என்றான். திட்டுகிறானா, பாராட்டுகிறானா? – ஒரு பாட்டி, மாயேபூர்

பதில்: பாராட்டுதான் அம்மா, இன்னும் நான்கு வடை போடுங்கள். தமிழ்நாட்டு இளைஞர்கள் பேச்சு அது, சினிமா வழியாகக் கடல் தாண்டி வந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் பேரன் தெரியாமலே சொல்லைப் பழைய இடத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறான். சங்கப் பாட்டில் வெறி அசிங்கமான சொல் இல்லை. பெண் மெலிந்துபோனாள் என்று தாய் கவலைப்பட்டு வேலனைக் கூப்பிடுவாள், அவன் மேல் முருகன் இறங்கி ஆடுவான், அந்த ஆட்டத்துக்குப் பெயர் வெறியாட்டு. (அவள் மெலிந்தது காதலால் என்று தோழிக்குத் தெரியும், அம்மாவுக்குத்தான் தெரியாது. எல்லா ஊரிலும் இதே கதை.) வெறி என்றால் மணம் என்றும் ஒரு பொருள் உண்டு, 'வெறி கமழும்' என்று எழுதியிருப்பார்கள். அப்படி மணந்த சொல்தான் பிற்காலத்தில் சாதி வெறி, மத வெறி, கொலை வெறி என்று எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது.

ஆவேசமும் அதே மாதிரிதான். உள்ளே புகுவது என்பதுதான் அதன் மூலப் பொருள். சாமி ஆளுக்குள் புகுவது. இன்றைக்கு மேடையில் மேசையைத் தட்டினாலே 'ஆவேசமாகப் பேசினார்' என்று எழுதிவிடுகிறோம். உள்ளே யார் புகுந்தார்கள் என்று அந்த நிருபரைக் கேட்க வேண்டும். தீமிதி அன்று நெருப்பைத் தாண்டி வந்து பால்குழியில் கால் வைத்து நிற்கிறவரின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள், அங்கே வேண்டுமானால் அந்தச் சொல் பொருந்தும்.

கேள்வி: புயல் வந்தால் வானொலியில் 'இயற்கையின் சீற்றம்' என்கிறார்கள். என் தாத்தா 'சண்டமாருதம்' என்பார். எது நல்ல தமிழ்? – ஃபிளாக்

பதில்: தாத்தாவின் சொல் வடமொழி, வானொலியின் சொல் தமிழ், ஆனால் எனக்குத் தாத்தாவின் பக்கம்தான் சாய்வு. சீற்றம் பாம்புக்கும் பூனைக்கும் பொருந்துகிற அருமையான சொல், அந்த 'சீ'யிலேயே மூச்சு கேட்கும். கடல் சீறுகிறது என்றாலும் கண்ணில் தெரிகிறது. ஆனால் 'இயற்கையின் சீற்றம்' என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்து, இப்போது அதைக் கேட்டால் யாரும் ஜன்னலைக்கூடச் சாத்துவதில்லை.

சண்ட என்றால் உக்கிரமான, மாருதம் என்றால் காற்று. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் அடித்தபோது நான் சின்னப் பையன், தகரக் கூரை வீடு எங்களுடையது. மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம் வரை காற்று பதிவானது என்று பிறகு படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரையின் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழல்கிற சத்தமும், அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தில் தொங்கியதும்தான். அப்புறம் திடீரென்று காற்று நின்று நிசப்தம், அதுதான் புயலின் கண். பாட்டி யாரையும் வெளியே போக விடவில்லை, "சண்டி திரும்பி வருவாள்" என்றாள். திரும்பி வந்தாள், எதிர்த் திசையிலிருந்து.

அந்தச் சண்டியைத்தான் நாம் இன்று மாட்டுக்கு வைத்திருக்கிறோம். உலகை நடுங்க வைத்த தேவியின் பெயர், வண்டியில் பூட்டினால் படுத்துக்கொள்கிற மாட்டுக்குச் சண்டிமாடு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தரையில் புரள்கிற பிள்ளைக்குச் சண்டித்தனம். உக்கிரம் என்பது பாய்வது மட்டுமா, அசையமாட்டேன் என்பதும்தானே. மாட்டைக் கேட்டால் தெரியும்.

கேள்வி: பஞ்சாங்கத்தில் மே மாதம் 'அக்கினி நட்சத்திரம், வெயில் உக்கிரம்' என்று போடுகிறார்கள். எனக்கு அப்போது கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது! – குரேபீப்

பதில்: பஞ்சாங்கம் தமிழ்நாட்டுக்குப் போட்டது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்து உட்கார்ந்துகொண்டோம், அது கணித்தவரின் தப்பு இல்லை. நம் அக்கினி நட்சத்திரம் தைப்பூசத்தில், வெறுங்காலோடு தார்ச்சாலையில். அதுவும் நீங்கள் மேட்டுக் குளிர் ஊரான குரேபீப்காரர், உங்களுக்கு ஜனவரியிலேயே கம்பளி தேவைப்படும் என்று ஒரு பேச்சு உண்டு.

கேள்வி: 'அகோரப் பசி' என்கிறோம். கோரம் என்றால் பயங்கரம் என்றால், அகோரம் என்பது பயங்கரம் இல்லாததுதானே? – பெயர் இல்லை, ஊர் இல்லை

பதில்: பெயர் போட்டிருக்கலாம், நல்ல கேள்வி. வடமொழிக் கணக்கில் நீங்கள் சொல்வதுதான் சரி. கோரம் அச்சம் தருவது, அகோரம் அச்சம் தராதது. சிவனின் ஐந்து முகங்களில் ஒன்றுக்கு அகோரம் என்று பெயர். ஆனால் திருவெண்காட்டில் அகோரமூர்த்தியைப் பார்த்தவர்கள் இலக்கணம் பார்க்கவில்லை. மருத்துவாசுரனை அடக்க வந்த கோலம் அது, அச்சம் தராதது என்று யாரால் சொல்ல முடியும்? அந்த 'அ' பொருள் இழந்து போய், அகோர வெயில், அகோரப் பசி என்று நிலைத்துவிட்டது. பசி நேரத்தில் முன்னொட்டு யார் பார்க்கிறார்கள்.

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மென்மை, மலர், நிலா என்று வேண்டாம். உக்கிரமான பெயராக வேண்டும் என்கிறாள் என் மனைவி. மாமியாருக்குச் சாமி பெயர் வேண்டும். இரண்டும் ஒத்துவர ஒரு பெயர் சொல்லுங்கள், ஐயா. – ஒரு புது அப்பா, வாக்குவா

பதில்: வாழ்த்துகள். உங்கள் மனைவிக்குக் கொற்றவை பிடிக்கும். சங்க காலத்துப் போர்த்தெய்வம், கொற்றம் என்றால் வெற்றி. மாமியார் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. கனலி என்று வைக்கலாம், சூரியனுக்கும் நெருப்புக்கும் அந்தப் பெயர் உண்டு, ஆனால் அது சாமி பெயர் இல்லை என்பார்.

நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்: மீனாட்சி. பழைய பெயர், தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள் என்று தோன்றும். அவள் கல்யாணத்துக்கு முன்னால் தடாதகை, பாண்டிய நாட்டின் அரசி. படை திரட்டி எட்டுத் திக்கும் ஜெயித்துக் கைலாயம் வரை போய்ச் சிவகணங்களையே தோற்கடித்தவள் என்கிறது மதுரைக் கதை. மாமியாரிடம் 'மதுரை மீனாட்சி' என்று சொல்லுங்கள், மனைவியிடம் தடாதகையின் கதையைச் சொல்லுங்கள்.

மனைவி அதற்கும் மசியவில்லை என்றால் இதையும் சொல்லிப் பாருங்கள். பகைவன் வேல் எறியும்போது விழித்த கண் இமைத்துவிட்டால் அதுவே தோற்று ஓடியதற்குச் சமம் என்று ஒரு குறள் இருக்கிறது. மீனாட்சி என்றால் மீன் போன்ற கண் உடையவள். மீனுக்கு இமை கிடையாது.

பதிவு செய்யப் போகும்போது எழுத்துக்கூட்டலை மட்டும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்ததால்தான் முத்துசாமிகள் எல்லாம் இந்தத் தீவில் மூட்டூசாமி ஆனார்கள்.